சேப்பாக்கத்தில் என் தாத்தாவைத் தாங்கிப் பிடித்த அண்ணாவுக்கு

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட், நான்காம் நாள். எனக்குப் பன்னிரண்டு வயது. கிரிக்கெட் பைத்தியம் எல்லாம் இல்லை, தாத்தா கூப்பிட்டதால் போனேன். 271 எடுக்க வேண்டிய இந்தியா 82க்கு 5 விக்கெட் இழந்தது. அப்புறம் சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். முதுகுவலியோடு சச்சின் சதம் தாண்டி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் தாத்தா வெயில் தாங்காமல் என் தோளில் சரிந்தார்.

எல்லார் கண்ணும் மைதானத்தில். எனக்கு அழக்கூட வரவில்லை. பின்வரிசையிலிருந்து நீங்களாகவே இறங்கி வந்தீர்கள். தாத்தாவைத் தாங்கிப் பிடித்துக் கீழே நிழலுக்குக் கொண்டுபோனீர்கள். கைக்குட்டையை நனைத்து அவர் பிடரியில் வைத்தீர்கள். சோடா வாங்கி வந்து மடக்கு மடக்காகக் கொடுத்தீர்கள். 'நாலு' என்று எழுதிய அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தீர்கள். திடீரென்று மேலே கூட்டம் அடங்கிப்போனது. சச்சின் அவுட், 136. உங்கள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி விசிறியது.

12 ரன்னில் தோற்றோம். ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கமே எழுந்து நின்று கைதட்டியதை இன்றும் பேசுகிறார்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை அண்ணா. வெளியே எங்களுக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

தாத்தா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். அந்த மேட்ச் பேச்சு வந்தாலே முதலில் உங்களைத்தான் சொல்வார். ரொம்ப நன்றி அண்ணா. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். நீலக் கட்டம் போட்ட உங்கள் கைக்குட்டை எங்கள் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.