சந்தனம் பூசிய நான்கு வாள்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் விளையாட்டுக் குழுவின் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆயுதபூசை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. உடற்கல்வித் துறை அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் நான்கு வாள்களுக்கும் அன்று சூட்டிய சாமந்தி மாலையை இன்னும் யாரும் கழற்றவில்லை. பூ உதிர்ந்து நார் தொங்குகிறது. சந்தனம் வைத்த இடங்களில் அலகு பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பார்க்கும் எங்களுக்கே இது தெரிகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் மோசமாக இருக்கலாம்.

நாங்கள் இந்தக் கல்லூரியின் ஆடவர் வாள்வீச்சு மன்றத்தினர். மொத்தம் ஏழு பேர். பென்னாகரத்திலிருந்து இருவர், பாலக்கோட்டிலிருந்து மூவர், அரூரிலிருந்து ஒருவர். நான் காரிமங்கலம். எங்கள் வீடுகளில் இந்த விளையாட்டைப் புரிய வைப்பதற்கே ஓராண்டு ஆனது. வாள்வீச்சுக்கு ஆங்கிலத்தில் ஃபென்சிங் என்று பெயர். ஃபென்சிங் என்றால் எங்கள் பக்கம் கம்பி வேலி. பாலக்கோட்டு நண்பனின் அப்பா, யானை வராமலிருக்கக் கொல்லையைச் சுற்றிப் போடும் மின்வேலியைத்தான் மகன் கல்லூரியில் கற்கிறான் என்று நினைத்து, "நம் நிலத்துக்கு எப்போது போட்டுத் தருவாய்?" என்று கேட்டிருக்கிறார். வாள்வீச்சு என்று சொன்ன பிறகு, அந்த வேலியே மேல் என்றாராம்.

அலமாரி வாள்களைப் பயிற்சிக்குக் கேட்டுக் கல்லூரி அலுவலகத்தில் நாங்கள் மூன்று முறை விண்ணப்பம் கொடுத்தோம். எழுத்தில் பதில் வரவில்லை. வாய்மொழியாக வந்த பதில் இதுதான்: நீங்கள் 'மன்றம்', 'அணி' அல்ல, கருவிகள் அணிகளுக்கு மட்டுமே வழங்கப்படும். சரி, அணியாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டோம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பதக்கம் பெற்று வாருங்கள், அதன்பின் பார்க்கலாம் என்றார்கள். நீந்தக் கற்ற பிறகுதான் கிணற்றில் இறங்க விடுவோம் என்பதைப் போன்ற பேச்சு இது. சொன்னவர் நல்ல மனிதர், எங்கள்மீது அன்பு உள்ளவர். ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அலமாரியில் இருப்பவை எப்பே வகை வாள்கள். வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வகை உண்டு. ஃபாயிலில் நெஞ்சு, வயிறு, முதுகு அடங்கிய நடுவுடலில் குத்தினால் மட்டுமே புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே, மணிக்கட்டுக்குக் கீழுள்ள கைப்பகுதி தவிர, எங்கு பட்டாலும் புள்ளி, வெட்டவும் செய்யலாம். எப்பேயில் தலை முதல் கால் கட்டைவிரல் வரை எல்லாமே இலக்கு. இருவரும் ஒரே நேரத்தில் குத்திவிட்டால் இருவருக்கும் புள்ளி. 'ஒரே நேரம்' என்பது ஒரு விநாடியை இருபத்தைந்தாகப் பகுத்தால் வரும் ஒரு கூறு. அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால்தான் 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே, குத்துப் பட்டால் விளக்கு எரிந்து காட்டும் மின்கருவி எப்பேக்கு வந்துவிட்டது. நாங்கள் இன்னும் 1936-க்கு முந்தைய காலத்தில் வாழ்கிறோம். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால், தூணிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை சுண்ணாம்புக் கோடு போட்டு 14 மீட்டர் களம் வைத்திருக்கிறோம். புள்ளி யாருக்கு என்பதைக் குத்துப் பட்டவனின் நேர்மைதான் முடிவு செய்கிறது. "பட்டது" என்று அவனே சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். சொல்லாத நாள்களில் சண்டை பஸ் நிறுத்தம் வரைக்கும் வரும்.

எங்களுக்குச் சொந்தமாக மூன்று வாள்கள் இருந்தன. கோடை விடுமுறையில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பெட்டி தூக்கியும், பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் விடியற்காலையில் லாரி ஏற்றியும் சேர்த்த பணத்தில் வாங்கியவை. போன ஆண்டு அவற்றில் ஒன்று ஒடிந்தது. அதை எடுத்துக்கொண்டு சேலம் சாலையில் உள்ள பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வாங்கிப் பார்த்து, "பற்றவைத்துத் தருகிறேன், ஒரு பொட்டு கூடத் தெரியாது" என்றார். கூலி கூட வேண்டாம் என்றார். நாங்கள்தான் மறுத்துவிட்டுத் திரும்பினோம்.

மறுத்ததற்குக் காரணம் உண்டு. 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் விளையாடிக்கொண்டிருந்தபோது, எதிராளியின் வாள் ஒடிந்து அவருடைய முகக்கவசத்தின் வலையைத் துளைத்து உள்ளே போனது. சில நாள்களில் அவர் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் அலகின் எஃகு, கவசத்தின் வலை, உடுப்பின் துணி எல்லாவற்றுக்கும் கடுமையான தரம் வந்தது. முழு அலகு வளைந்து கொடுக்கும், குத்தின் விசையைத் தானே வாங்கிக்கொள்ளும். பற்றவைத்த அலகு அந்த இடத்தில் வளையாது. மறுபடி ஒடியும், ஒடிந்தால் முனை கூர்மையாக இருக்கும். ஒட்டுப்போட்ட வாளோடு நண்பனின் முகத்துக்கு எதிரே நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தத் துண்டு இப்போது என் வீட்டில் அடுப்பு கிளறப் பயன்படுகிறது.

அந்தப் பட்டறை வாசலில் நின்றபோது அதியமானும் ஔவையும் நினைவுக்கு வந்தார்கள். அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில், அதாவது இன்றைய தருமபுரியில், பிறந்தவனுக்கு வராமலிருந்தால்தான் வியப்பு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். மாலை சூட்டி, நெய் பூசி, காவல் போட்டு அடுக்கி வைத்த ஆயுதங்கள். அடடா, எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் அல்லவா கிடக்கின்றன என்றாள் அவள். புகழ்வது போலச் சிரித்த சிரிப்பு அது. அதியமான்கோட்டை இருக்கும் மாவட்டத்தில், அதியமான் பெயர் சொல்லி ஆண்டு விழா மேடையில் முழங்கும் கல்லூரியில், தொண்டைமானின் கொட்டிலை அப்படியே அலமாரிக்குள் வைத்திருக்கிறோம். நெய்க்குப் பதில் சந்தனம். (எங்கள் வாள் பகைவரைக் குத்தி ஒடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறி தவறிச் சைக்கிள் நிறுத்தத் தூணில் மோதி ஒடிந்தது. குத்தியவன் நான்தான்.)

மீதி இரண்டு வாள்களோடுதான் இந்த ஆண்டு போட்டிக்குப் போனோம். குழுப் போட்டியில் ஓர் அணிக்கு மூன்று பேர். ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் மோத வேண்டும். ஒன்பது மோதல்கள், முதலில் 45 புள்ளி எடுப்பவர்கள் வெற்றி. களம் ஏறும்போது பழுதில்லாத வாள் இரண்டு கையில் இருக்க வேண்டும் என்பது விதி. மூவருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது அந்த இரண்டுதான். ஆறாவது மோதலில் ஒரு வாளின் முனையிலுள்ள மின்கம்பி அறுந்தது. எதிரணிப் பையன்கள் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவன் தன் பையிலிருந்து வாளை எடுத்து வந்து நீட்டினான். இரவல் கொடுத்தவர்களையே அந்த வாளால் குத்திப் புள்ளி எடுத்தோம். 45–38 என்று தோற்றோம். நல்ல வாள்கள் இருந்திருந்தாலும் அன்று தோற்றிருப்போம், அவர்கள் எங்களைவிடத் திறமையானவர்கள். ஆனால் அந்த இரவல் வாளைத் திருப்பிக் கொடுத்தபோது, நம் அலமாரியில் நான்கு வாள்கள் சும்மா தொங்குகின்றன என்பதை அவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"பவானி தேவி மூங்கில் குச்சியில் பழகித்தானே ஒலிம்பிக் போனார்" என்று ஒரு பேராசிரியர் எங்களிடம் கேட்டார். உண்மைதான். சென்னைப் பள்ளியில் படித்தபோது மூங்கில் குச்சியில் பழகினார். வாள் ஒடிந்தால் வேறு வாங்க வழியில்லை என்பதால் வாளைப் போட்டிக்கு மட்டும் எடுத்தார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவர் கேரளத்தின் தலச்சேரியில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டார். 2021-இல் டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் நுழைந்த முதல் இந்தியராக அவர் முதல் சுற்றை 15–3 என்று வென்றது அங்கே தொடங்கிய பயிற்சியின் தொடர்ச்சி. கதையில் மூங்கிலை மட்டும் வைத்துக்கொண்டு தலச்சேரியை விட்டுவிடுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மூங்கில் கதை வசதியாக இருக்கிறது போலும். மூங்கில் எஃகு அலகு போல வளையாது ஐயா. எப்பேயின் முனையை 750 கிராம் எடைக்கு மேலான விசையில் அழுத்தினால்தான் விளக்கு எரியும். அந்த அழுத்தம் எவ்வளவு என்று மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டுமானால் எஃகு அலகு வேண்டும்.

சிலம்பம் ஆடுங்களேன் என்கிறார்கள் இன்னும் சிலர். எங்களில் இருவர் ஆடுகிறார்கள். அது வட்டம், இது கோடு. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

பணம் கேட்கவில்லை. புதிய வாள் கேட்கவில்லை. மின்கருவி கூட இப்போதைக்கு வேண்டாம். ஆய்வுக் குழு வந்தபோது வாங்கி, படம் எடுத்து, பூட்டி வைத்த அந்த நான்கையும் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை வெளியே எடுக்க அனுமதி தாருங்கள். ஆறுக்கு மேல் கேட்க மாட்டோம், பென்னாகரத்துக்காரர்களுக்குப் பஸ் இருக்கிறது. பதிவேட்டில் யார் பொறுப்பேற்பது என்பதுதான் சிக்கல் என்றால் என் பெயரை எழுதுங்கள். ஒடிந்தால் என் சான்றிதழை நிறுத்தி வையுங்கள். மன்றம் என்றே எங்களை அழைத்துக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

வரும் திங்கள்கிழமை நாலரை மணிக்கு நாங்கள் ஏழு பேரும் உடற்கல்வி அறை வாசலில் இருப்போம். துருவைத் தேய்க்க உப்புத்தாளும் துடைக்கப் பழைய வேட்டித் துணியும் தேங்காய் எண்ணெயும் நாங்களே கொண்டு வருகிறோம். சாவி மட்டும் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆடவர் வாள்வீச்சு மன்றத்தின் சார்பாக,
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்,
தருமபுரி.