ஆமை கொண்டுவந்த வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் வீடியோ கேம் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். போக்கிமான் என்றால் பொத்தானைத் தட்டித் தட்டி அடித்துக்கொள்வதுதான், யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் எழுதியவர். கண் கெடும், தூக்கம் கெடும் என்கிறார், சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. யோசிக்க ஒன்றுமில்லை என்பதுதான் தப்பு.

எங்கள் ஊர் புளியரை, ஆரியங்காவு கணவாய்க்குக் கீழே. ஆனி ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மழை பிடித்தால் போதும், நாங்கள் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் காற்றும் சாரலும் இங்கே வந்துவிடும். போக்கிமான் என்பது ஆளுக்கொரு பிராணியைக் களத்தில் இறக்கி மோதவிடும் ஆட்டம்; ஒவ்வொரு பிராணிக்கும் எபிலிட்டி என்று ஒரு பிறவிக் குணம் உண்டு. அதில் ட்ரிஸில் என்று ஒன்று, அச்சாக இதேதான், பெயருக்கு அர்த்தமே சாரல்தான். பெலிப்பர் என்ற பறவைக்கு அது இருக்கிறது (நம்ம கூந்தன்குளத்துக் கூழைக்கடாவின் சொந்தக்காரன் மாதிரி இருக்கும்). அது களத்தில் வந்து நின்றாலே மழை தொடங்கிவிடும், அதற்கென்று பொத்தான் தட்ட வேண்டாம், ஒரு டர்னும், அதாவது ஆடும் முறையும், செலவாகாது. நீர் அடி ஒன்றரை மடங்காகும், நெருப்பு அடி பாதியாகும், அதுவும் நமக்கு மட்டுமில்லை, எதிராளிக்கும் சேர்த்துத்தான்.

இந்த எபிலிட்டி எல்லாம் 2002-ல் வந்தது. அப்போது ட்ரிஸில் மழைக்கு முடிவே கிடையாது, வேறு யாராவது வானிலையை மாற்றினால்தான் நிற்கும். மழையில் வேகம் இரட்டிப்பாகும் ஸ்விஃப்ட் ஸ்விம் எபிலிட்டியும் இதுவும் ஒரே அணியில் சேர்ந்தால் தாங்காது என்று ரசிகர்களே தங்கள் போட்டிகளில் தடை போட்டார்கள். 2013-ல் கம்பெனியே மழையை 5 டர்னாகக் குறைத்தது. டேம்ப் ராக் என்ற கல்லைக் கையில் கொடுத்து அனுப்பினால் 8.

என் அக்கா மகன் புனலூரில் படிக்கிறான். போன லீவில் அவனோடு ஆடினேன். நான் பெலிப்பரை இறக்க, அதே நேரத்தில் அவன் டோர்கோல் என்று ஓர் ஆமையை இறக்கினான். அதன் எபிலிட்டி வெயில் கொண்டுவரும். என் பறவைதான் வேகம், அதன் அடிப்படை ஸ்பீட் 65, ஆமைக்கு வெறும் 20, அதனால் மழைதான் நிலைக்கும் என்று நினைத்தேன். நிலைத்தது வெயில். வேகமானதன் எபிலிட்டி முதலில் வேலை செய்கிறது, மெதுவானது பின்னால் வந்து அதை அழித்துவிடுகிறது! "முதல்லயே பறவையை இறக்காதீங்க மாமா, ஆமை வந்த அப்புறம் மாத்தி இறக்குங்க" என்று பாடம் எடுத்தான் பொடியன்.

ஓணம் லீவுக்கு மறுபடி வருகிறான். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் அவனோடு ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும், ஆமையை மட்டும் அவனிடம் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.