வழிகாட்டி இணைப்பில் தத்துவப் படிப்பைக் காணோமே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரம் நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டி இணைப்பைப் பேத்திக்காக ஒரு பக்கம் விடாமல் படித்தேன். கேட்டரிங்கிலிருந்து டேட்டா சயின்ஸ் வரை எல்லாம் இருந்தது. பி.ஏ. தத்துவம் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பேத்தி கேட்டுக்கொண்டிருப்பதோ அதைத்தான். "பேப்பர்லயே போடாத படிப்பு, அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று மருமகள் முடித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்ததும் அந்தப் படிப்புதான். பி.யூ.சி. முடித்து 1977இல் சென்னைக் கல்லூரி ஒன்றில் சேரப் போனபோது வணிகவியல் கேட்டேன். இடமில்லை, தத்துவத்தில் இருக்கிறது, சேர்கிறாயா என்றார்கள். அப்பா அரை மனதோடு தலையாட்டினார். டாக்டர் ராதாகிருஷ்ணனும் ஆசைப்பட்டு இதைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் செலவில்லாமல் கிடைத்ததால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அந்தப் பாடத்தை எடுத்ததாகச் சொல்வார்கள். 1909இல் மாநிலக் கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆசிரியரானார்.

முதலாண்டில் தருக்கவியல் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் மூன்று வரி எழுதினார். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது. சரியா என்று கேட்டார். எல்லோரும் சரி என்றோம். "தண்ணி லாரி ஒழுகிக்கிட்டே போயிருந்தா?" என்றார். வகுப்பே வாயடைத்துப் போனது.

அப்புறம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். ஒரு துணிக்கடை தீப்பிடித்த கோப்பு மேசைக்கு வந்தது. உள்ளே மண்ணெண்ணெய் டின் கிடந்திருக்கிறது, ஆகவே கடைக்காரரே கொளுத்தியிருக்கிறார், இழப்பீடு தர வேண்டாம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தக் கரும்பலகை கண்முன் வந்து நின்றது. கொளுத்தியிருந்தால் டின் கிடக்கும், சரி. டின் கிடந்தால் கொளுத்தியதாகத்தான் இருக்க வேண்டுமா? மறுபடி விசாரிக்கச் சொன்னேன். பின்கட்டில் தையல்காரர்கள் டீ போட ஒரு ஸ்டவ் வைத்திருந்தார்கள். டின் அதற்கானது. அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது. நான் படித்த படிப்புக்கு என்ன பயன் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித்தருகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. எந்தெந்த வகையில் ஏது பழுதாகும் என்பதையும் விளக்குகிறார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் பரபக்கத்தை, அதாவது பிறர் கொள்கைகளைப் பேசும் பகுதியை, முதலில் வைத்தார். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதன் தொடங்கி எதிர்த்தரப்பார் ஒவ்வொருவரும் என்ன சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொல்லி, மறுத்துவிட்டுத்தான் சுபக்கத்தில் தம் கொள்கைக்கு வருகிறார். எதிராளி சொல்வதை முழுசாகக் கேட்காமல் பாய்கிற இந்தக் காலத்தில், 18 வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் இந்தப் பழக்கம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

வேலை விஷயத்தை மறைக்க வேண்டாம். நம் மேல்நிலைப் பள்ளிகளில் தத்துவம் என்று தனிப்பாடம் இல்லாததால் இந்தப் பட்டத்தை வைத்துப் பள்ளி ஆசிரியராவது கஷ்டம். கேரளத்தில் பிளஸ் டூவிலேயே அந்தப் பாடம் உண்டு. இங்கும் வர வேண்டும். பட்டதாரி என்ற தகுதி போதும் என்கிற போட்டித் தேர்வுகள் எல்லாவற்றையும் எழுதலாம், சட்டம் படிக்கப் போகலாம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடமாக இருக்கிறது. 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண் தாள் ஒன்றும் எல்லோருக்கும் பொதுவாக உண்டு. ஆனால் தேர்வுக்காக மட்டும் இதைப் படிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் கேட்பது அரைப் பக்கம். எந்தெந்தக் கல்லூரிகளில் பி.ஏ. தத்துவம் இருக்கிறது, தமிழ் வழியில் எங்கே படிக்கலாம், மூன்று வருடமும் என்னென்ன பாடங்கள் என்று விசாரித்துப் போடுங்கள். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் நாலு பேரிடம் பேசிப் போட்டால் இன்னும் நல்லது. அடுத்த ஞாயிறு இதழிலேயே வந்தால் பெரிய உதவியாக இருக்கும். பேத்தி விண்ணப்பிக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர்,
ஸ்ரீரங்கம்