டையைக் கழற்றச் சொல்லுங்கள், வெர்னியரைக் கையில் கொடுங்கள்

சேலம் வட்டாரப் பொறியியல், பாலிடெக்னிக், கலைக் கல்லூரிகளின் பிளேஸ்மெண்ட் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் மாணவர்களை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பவர்கள் நாங்கள். எங்களில் உதிரிபாகப் பட்டறை நடத்துபவர் உண்டு, ஆடிட்டர் அலுவலகத்தில் ஆள் எடுப்பவர் உண்டு, ஹெச்.ஆர். வேலை பார்ப்பவர்களும் உண்டு. சொல்ல வந்தது ஒன்றுதான்: கடைசி செமஸ்டரில் வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து ஒரு வாரம் நடத்தும் இண்டர்வியூ பயிற்சியை நிறுத்திவிடுங்கள். அதனால் கெடுதல்தான் அதிகம்.

அந்த வகுப்பில் கொடுக்கும் தாள் எங்களுக்கே மனப்பாடம். அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு பாட்டு கேட்பது, பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லாரையும் சட்டென்று நம்பிவிடுவது. ஓமலூர்ப் பையனும் ஆத்தூர்ப் பெண்ணும் எடப்பாடித் தம்பியும் இதே வரிகளை இதே வரிசையில் ஒப்பிக்கிறார்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பாவம்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்றால் ஒன்றரை நிமிடம் போதும். பெயரும் படிப்பும் ஒரே வாக்கியம். பிறகு கையால் செய்த ஒரு வேலை, அதில் ஓர் எண். கடைசியில் இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்பது. 'லீவில் ரெண்டு மாசம் லேத் பட்டறையில இருந்தேன் சார். முதல்ல நான் கடைஞ்ச பத்து புஷ்ஷுல மூணு ரிஜெக்ட் ஆகும், கடைசி வாரம் ஒண்ணுதான் ஆச்சு' என்று ஒருவர் சொன்னால் அடுத்த பத்து நிமிடத்துக்கான கேள்விகள் அதிலிருந்தே வந்துவிடும். அப்பா விவசாயி என்பதும் வீணான தகவல் இல்லை, சொல்லும் விதம் இருக்கிறது. 'அப்பா மரவள்ளி போடறார். வெட்டு ஆள் கூலி, வண்டி வாடகை, மில்லுல மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து விலை போடறது எல்லாத்துக்கும் கணக்கு எழுதறது நான்தான்' என்று சொல்லும் பி.காம். மாணவியைக் கணக்கு வேலைக்கு எடுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

இனி மேஜைமேல் நடப்பது. 25 மில்லிமீட்டர் உருளை ஒன்றையும் நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றையும் வைப்போம். லீஸ்ட் கவுண்ட், அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, எவ்வளவு என்றால் 0.02 மில்லிமீட்டர் என்று பளிச்சென்று பதில் வரும். எப்படி வந்தது என்றால் பேச்சு நின்றுவிடும். மெயின் ஸ்கேலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை வெர்னியரில் 50 பாகமாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு பாகம் 0.98, ஒரு மில்லிமீட்டருக்கு அது 0.02 குறைவு, அவ்வளவுதான். அடுத்து அளக்கச் சொல்வோம். அப்போது எங்கள் கண் அவர் சொல்லப்போகும் எண்மேல் இருக்காது, கைமேல் இருக்கும். தாடைகளைத் துடைக்கிறாரா? மூடிப் பார்த்து ஜீரோ ஒத்துவருகிறதா என்று கவனிக்கிறாரா? உருளையைத் தாடையின் நுனியில் கவ்வுகிறாரா, உள்ளே தள்ளிப் பிடிக்கிறாரா? சாய்க்காமல் பிடிக்கிறாரா? ஓரிடத்தில் அளந்ததோடு விடாமல், உருளையைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அளக்கிறாரா? எங்களில் ஒருவர் வேண்டுமென்றே 0.04 கூடுதலாகக் காட்டும் கருவியைத்தான் வைப்பார். 25.06 என்று படித்துவிட்டு, 'ஜீரோவிலயே 0.04 இருக்கு சார், அதனால 25.02' என்று சொல்பவருக்கு மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்க்காமலே வேலை உறுதி. இதற்கு ஒரு வாரப் பயிற்சி உதவாது. லேபில் நாலு பேருக்கு ஒரு கருவி என்று கொடுத்து, ஒருவர் அளக்க மூவர் குறித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கும்வரை எங்கள் மேஜையில் கை நடுங்கத்தான் செய்யும்.

எலெக்ட்ரிகல் மாணவர்களிடம், மோட்டாரை நேரடியாக மின் இணைப்பில் ஓடவைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்டரின் வயரிங் வரையச் சொல்வோம். நன்றாகவே வரைகிறார்கள். 'மோட்டார் ஓடும்போது கரண்ட் போய்த் திரும்ப வந்தா தானா ஸ்டார்ட் ஆகுமா?' என்றால்தான் திணறல். பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டாரை ஓடவைப்பது, ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாகப் போட்டிருக்கும் ஹோல்டிங் காண்டாக்ட். கரண்ட் போனதும் அது விட்டுவிடும். மறுபடி பட்டனை அழுத்தினால்தான் ஓடும். மெஷினில் கை வைத்திருப்பவரைக் காப்பாற்றுவது அதுதான். படத்தைப் போட்டவருக்கு இந்தக் காரணம் தெரியவில்லை என்றால், படம் மனப்பாடம் என்று புரிந்துகொள்வோம். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டும் இப்படித்தான் பிடிபடும். 'ஏன் இந்த சென்சார், வேறு எதையாவது போட்டுப் பார்த்தீங்களா, முதல்ல எது வேலை செய்யல?' என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத புராஜெக்டை அவர் செய்யவே இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள். ஆனால் அதோடு நிறுத்தவும் கூடாது. 'பி.எல்.சி. (மெஷினை இயக்கும் சிறு கணினி) தெரியாது சார். ரிலே, காண்டாக்டர் வச்சு வயரிங் பண்ணியிருக்கேன், அதைச் சொல்லட்டுமா?' என்பது நல்ல பதில்.

ஆங்கிலத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதி வீண். சாகோ (ஜவ்வரிசி) மில் ஒன்று மகாராஷ்டிராவுக்குச் சரக்கு அனுப்பினால் பில்லில் எந்த வரி வரும் என்று கேட்டால், வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரும், மாநிலத்துக்குள் என்றால் அதே விகிதம் மத்திய அரசுக்கு சி.ஜி.எஸ்.டி., மாநில அரசுக்கு எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதி பாதியாகப் பிரியும் என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரை ஆங்கிலத்தில் சொல்லவைக்க இரண்டு மாதம் போதும். தமிழிலேயே சொல்ல வரவில்லையா, அங்கே குறை பாடத்தில். ஆகவே முதலில் தமிழில் பேசவைத்து செல்போனில் பதிவு செய்யுங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். கால் ஆட்டுவதும் கூரையைப் பார்ப்பதும் அவர்களுக்கே தெரியும். பிறகு ஒலியோடு கேட்டு, 'ஆக்சுவலி' எத்தனை என்று எண்ணட்டும்.

உடை விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சேலத்து வெயிலில் கோட்டும் டையும் மாட்டி அனுப்பாதீர்கள். அந்தக் காசை வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். லேத் ஓடும் இடத்தில் தொங்கும் துணி எதுவுமே ஆபத்து. ஸ்பிண்டிலில் சுற்றினால் ஆளையே இழுத்துவிடும். துவைத்துத் தேய்த்த முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ போதும்.

சான்றிதழ் விவகாரம்தான் எங்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது. தேர்வான பிறகு வேலை நழுவுவது பெரும்பாலும் பெயரில்தான். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பான் கார்டில் இன்னொரு விதம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஆதாரோடு இணைவதால் அங்கே இடிக்கும். இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொருவருடைய மார்க் ஷீட், ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். திருத்த நேரம் இருக்கும். இன்னொன்று, கட்டணப் பாக்கிக்காக அசல் சான்றிதழைக் கல்லூரியிலேயே பிடித்து வைத்திருப்பது. வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை விட்டது. இருந்தும் 'ஒரிஜினல் காலேஜ்ல இருக்கு சார்' என்று சொல்லும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவதைத் தவிர எங்களுக்கும் வழியில்லை.

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குத் தனியாக யோசியுங்கள். காலை 9 மணி இண்டர்வியூவுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் வயிறு புரட்டி, முகம் வெளுத்துத்தான் உள்ளே வருவார்கள். முந்தின நாள் மாலையே ஹாஸ்டலில் தங்க இடம் கொடுங்கள். ஆன்லைன் இண்டர்வியூவையும் மலையில் வைத்து எடுக்கவேண்டாம். மழையும் பனியும் இருக்கும் நாளில் கரண்டையும் சிக்னலையும் நம்ப முடியாது. கல்லூரியிலேயே ஓர் அறை திறந்துவிடுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், முகத்துக்கு எதிரே இருக்கட்டும். போன் கண் உயரத்தில் நிற்கட்டும். ஃபிளைட் மோட் போட்டு வைஃபை மட்டும் வைத்தால் நடுவில் அழைப்பு வந்து வீடியோ அறுபடாது.

எல்லாரையும் ஒரே வகுப்பில் அடைக்கவும் வேண்டாம். தமிழக அரசின் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு நேர்காணலே கிடையாது. மத்திய அரசும் குரூப் சி பதவிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலை நீக்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் படிக்க விடுங்கள்.

சம்பளப் பேச்சுக்கு வருவோம். 'வருஷம் 2,40,000' என்றதும் கைக்கு மாதம் 20,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,200, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 481, இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம் எல்லாம் அந்த இருபதாயிரத்துக்குள்தான். மிஞ்சும் ஏறக்குறைய 17,740இல் ஊழியர் பங்காக பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் போனால் கையில் வருவது சுமார் 16,400. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக்காட்டினால், முதல் மாதச் சம்பளம் வந்ததும் வேலையை விட்டு ஓடுபவர்கள் குறைவார்கள். 'கைக்கு எவ்வளவு வரும், ஷிப்ட் உண்டா, பாண்ட் எழுதணுமா' என்று கேட்பதை நாங்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாம் செமஸ்டரிலிருந்து வாரம் 40 நிமிடம் ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எங்களில் இருவர் வருகிறோம், பணம் வேண்டாம். வெர்னியரும் உருளையும் நாங்களே கொண்டுவருவோம். ஒரு மேஜையும் மூன்று நாற்காலியும் போட்டு வையுங்கள். தேதியை இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிலர்,
சேலம்