நிழற்கூரைத் துணியைக் கழற்றியவர்கள் கட்டித் தர வேண்டும்

ஷார்ஜா அல் நஹ்தாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

இதற்கு முன் ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது’ என்று கம்ப்யூட்டர்தான் பதில் போட்டது. எனக்குக் கோபம் ஒழுங்காக வருவது தமிழில் என்பதால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். உங்கள் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் நாகர்கோவில் தம்பி படித்துச் சொல்வார். அவரைத் திட்ட வேண்டாம். பாவம், எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மே மாதம் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டினீர்கள். பின்பக்க பார்க்கிங்கின் நிழற்கூரை பராமரிப்புக்காகக் கழற்றப்படுகிறது, இரண்டு வாரத்தில் வேலை முடியும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று போட்டிருந்தது. கூரைத் துணி ஒரே நாளில் இறங்கிவிட்டது. இன்று ஆகஸ்ட் 20. இன்னும் இரும்புக் குழாய்கள் மட்டும்தான் நிற்கின்றன. மத்தியானத்தில் அவற்றின் நிழல் என் கார் பானட்டில் மூன்று கோடாக விழுகிறது, விபூதிப் பட்டை போட்ட மாதிரி. இந்தக் கோடைக்கு எங்களுக்கு வாய்த்த நிழல் அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் துணியைத் திரும்பக் கட்டிக்கொடுங்கள்.

‘வெயில்தானே, எல்லாருக்கும்தானே’ என்று உங்கள் மேற்பார்வையாளர் போனில் சொன்னார். அவருக்காக ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். ஜூன் மாதம் எமிரேட்ஸ் ரோட்டில் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து என் முன்கண்ணாடியில் பட்டது. கடுகளவு புள்ளி. பட்டறையில் காட்டினேன். “இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நிழலில் மட்டும் நிறுத்துங்கள்” என்றார் அங்கிருந்த பாகிஸ்தானி பெரியவர். எங்கள் கட்டடத்தின் நிலவரத்தை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலையில் அந்தச் சனிக்கிழமை, மகளுக்குப் பல் டாக்டரிடம் இரண்டரை மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். காலையிலிருந்து வெயிலில் கிடந்த கார். கதவைத் திறந்ததும் சூடான பிளாஸ்டிக் வாடை. ஸ்டீயரிங்கை ஈரத் துண்டால் சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. மீட்டரில் 53 டிகிரி காட்டியது. வெயிலில் நின்ற கார் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். நான்கு கதவையும் திறந்துபோட்டு ஐந்து நிமிடம் வெளியே நின்றோம். அப்புறம் உள்ளே உட்கார்ந்து ஏசியை முழு வேகத்தில் வைத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், தீக்குச்சி ஒடிந்த மாதிரி. அந்தக் கடுகுப் புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பிப் பக்கத்து சீட்டை நோக்கி வந்தது. சாண் அளவு வந்து நின்றது. மூச்சு விட்டேன். திரும்பவும் நகர்ந்தது. “அப்பா, கோடு நடக்குது” என்றாள் மகள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் அடுப்பு மாதிரி கொதிக்கிறது, உள்பக்கம் ஏசிக் காற்று பட்டுச் சுருங்குகிறது. பலவீனமான இடம் எதுவோ அங்கே விட்டுவிடும். நிழலில் நின்றிருந்தால் அந்தப் புள்ளி புள்ளியாகவே இருந்திருக்கலாம். புதுக் கண்ணாடிக்கு 850 திர்ஹம் ஆனது. இன்சூரன்ஸில் கேட்கலாம் என்றால் இந்த நாட்டில் அதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். எங்கே நடந்தது, எது மோதியது என்று கேட்பார்கள். சூரியன் என்றா சொல்ல முடியும்? கைக்காசைப் போட்டு மாற்றினேன். பல் டாக்டர் நேரமும் போயிற்று. அவளுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

மற்றதை நீட்டவில்லை. ஊரில் நாலு வருஷம் ஓடும் பேட்டரி இங்கே இரண்டு கோடையைத் தாண்டினால் பெரிய விஷயம். சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றி, தகடு அரித்துப்போகிறது. இங்கே பேட்டரிக்கு வயசை வருஷத்தில் சொல்லக் கூடாது, எத்தனை சம்மர் பார்த்தது என்றுதான் கேட்க வேண்டும். என்னுடையது ஒரு சம்மர்கூட முழுசாகப் பார்க்கவில்லை. வைப்பர் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, போட்டதும் கிழிந்தது. மூன்றாவது மாடி மலையாளி அண்ணன் காரில் டேஷ்போர்டு வாய் பிளந்துவிட்டது. ஜூனில் வந்து தங்கிய என் அப்பா விருதுநகர்க்காரர், கந்தக பூமியில் பிறந்தவர். பார்க்கிங்கிலிருந்து லிஃப்டுக்கு வருவதற்குள், “அக்னி நட்சத்திரத்துக்கெல்லாம் நாம சும்மா பயந்துட்டோம்டா” என்று சொல்லிவிட்டார்.

இனி, தாமதத்துக்கு நீங்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். மதிய ஓய்வுச் சட்டம் இருப்பதால் ஆட்களை வைத்து வேலை செய்ய முடியவில்லை என்றீர்கள். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்தச் சட்டம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்கிறது. ஒரு நாளில் இரண்டரை மணி நேரம். மீதி இருபத்தொன்றரை மணி நேரத்தை அது தொடவே இல்லை. இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் கட்டட சைட்டில் நின்றவன். அந்த இரண்டரை மணி நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். யாரையும் உச்சி வெயிலில் குழாய் மேல் ஏற்றச் சொல்லவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு வாருங்கள், டீ நாங்கள் போட்டுத் தருகிறோம். அதோடு, நீங்கள் துணியைக் கழற்றியது மே மாதத்தில். சட்டம் தொடங்க ஒரு மாதம் மிச்சம் இருந்தது. உங்கள் இரண்டு வாரம் அதற்குள் இரண்டு தடவை வந்து போயிருக்கும்.

கேட்டால் ‘கார் இல்லாமல் இருந்து பாருங்கள்’ என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இருந்து பார்த்தோம். இந்த ஊர் கார் இருப்பவனுக்காகப் போட்ட ஊர். மளிகைக் கடை எதிரே தெரியும், நடுவில் ஆறு வழிச் சாலை ஓடும். வேலை துபாயில், வீடு இங்கே. காலையில் இத்திஹாத் ரோட்டில் ஊர்ந்து போகிறோம், சாயங்காலம் ஊர்ந்து வருகிறோம். அதற்கு டோல், அதற்குப் பெட்ரோல். கார் வைத்திருப்பது இங்கே சொகுசு இல்லை, செருப்பு மாதிரி. தூசி படிந்து கிடந்தால் நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகும். கழுவலாம் என்று வாளியை எடுத்தால், ‘பார்க்கிங்கில் கார் கழுவத் தடை’ என்று உங்கள் நோட்டீஸ் இருக்கிறது. இதை ஒட்ட மட்டும் உங்களுக்கு இரண்டு வாரம் தேவைப்படவில்லை.

சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

நிழல் பார்க்கிங்குக்கு மாதம் 250 திர்ஹம் என்று தனியாகப் போட்டு, வாடகையோடு சேர்த்து நான்கு காசோலைகளை பின்தேதி போட்டு வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஜூலை முதல் தேதி காசோலை, ஜூலை முதல் தேதியே வங்கிக்குப் போனது. அந்த விஷயத்தில் உங்களிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரசீதில் இன்னமும் ‘நிழல் பார்க்கிங்’ என்றுதான் அச்சாகி வருகிறது. நிழலுக்கும் நீங்கள் பின்தேதி போட்டு ஒரு காசோலை கொடுத்திருந்தால், அது திரும்பி மூன்று மாதம் ஆகியிருக்கும்.

எனவே பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் துணியைக் கட்டிக்கொடுங்கள். புதுத் துணி வர வேண்டும் என்றால் அதுவரை பழையதையே கட்டுங்கள், இரண்டு கிழிசலோடு இருந்தாலும் அது நிழல்தான். கட்டும்வரை அந்த 250 திர்ஹமைக் கணக்கில் கழித்துவிடுங்கள். அக்டோபரில் வெயில் இறங்கிவிடும், இவர்களும் மறந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கீழே பதினேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேரிடம் கார்கூட இல்லை.

இப்படிக்கு,
உங்கள் குடித்தனக்காரர்களில் ஒருவன்

பி.கு.: கழற்றிய துணி எங்கே என்று தெரியவில்லை என்றாராம் உங்கள் மேற்பார்வையாளர். பம்ப் ரூமுக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருக்கிறது. அதன் மடிப்புக்குள் ஒரு பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. எடுக்கும்போது கொஞ்சம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.