நாலாவது நாற்காலி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாகப் பஞ்சாங்கத்தைக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் இங்கே ஒரு குழு விவாதத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் இதழியல் ஆசிரியர்களுக்கு ஏஇஜேஎம்சி என்று ஒரு சங்கம், 1912இல் தொடங்கியது. வருஷா வருஷம் ஆகஸ்டில் மாநாடு. ஆய்வுக் கட்டுரையை ஏப்ரல் வரை அனுப்பலாம். குழு விவாதம் என்றால் முந்தைய அக்டோபர் வாக்கிலேயே யோசனையைக் கொடுத்துவிட வேண்டும். பத்து மாதம் கழித்து எது பேச்சாக இருக்கும் என்று இப்போதே ஜோசியம் பார்க்கும் வேலை.

அப்புறம் நடப்பது இன்னும் வேடிக்கை. சங்கத்துக்குள் வரலாறு, சட்டம் என்று பல பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை ‘சிப்’ (டோக்கன் மாதிரி) என்று கணக்கு உண்டு. பிரிவுத் தலைவர்கள் குளிர்காலத்தில் அதை வைத்து மாநாட்டில் தங்கள் விவாதத்துக்கான நேரத்தை ஏலம் எடுப்பார்கள். இரண்டு பிரிவுகள் கூட்டுச் சேர்ந்தால் ஆளுக்கு அரை சிப்தான் செலவு. ஹாஸ்டல் வாசலில் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றச் சொல்வோமே, அதே கணக்கு. அதனால் ஒரு பிரிவுக்கு மட்டும் ருசிக்கிற யோசனை தேறாது.

நான் எடுத்திருப்பது மேரியன் விவகாரம். கான்சஸ் மாநிலத்தில் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2023 ஆகஸ்ட் 11 அன்று ‘மேரியன் கவுன்ட்டி ரெக்கார்ட்’ என்ற வாரப் பத்திரிகையின் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்து கம்ப்யூட்டர்களையும் போன்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஆசிரியர் எரிக் மேயரின் வீட்டையும் விடவில்லை. பத்திரிகையின் பங்குதாரரான அவர் தாயார் ஜோன் மேயர் மறுநாளே இறந்துபோனார். வயது 98. ஆதாரம் போதாது என்று கவுன்ட்டியின் (மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞரே சில நாளில் சோதனை வாரன்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். போன உயிர் போனதுதான். எரிக் மேயர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்தவர், எங்களில் ஒருவர். அந்த வருஷ மாநாடு வாஷிங்டனில் முடிந்த மறுநாள்தான் இந்தச் சோதனை. பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நாலு நாள் பேசிவிட்டு எல்லோரும் பெட்டி கட்டியிருந்தோம்.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1971இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகையில் போலீஸ் சோதனை போட்டது. அது செல்லும் என்று 1978இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சூட்டில்தான் 1980இல் ஒரு சட்டம் வந்தது: நிருபர் சேகரித்து வைத்ததைச் சில விதிவிலக்குகள் தவிர, சோதனை போட்டு எடுக்கக் கூடாது. ஆக, என் கேள்வி இதுதான்: கல்லூரிப் பத்திரிகை நடத்தும் இருபது வயதுப் பெண் கதவைத் திறக்கிறாள், எதிரே வாரன்டோடு போலீஸ். அவளுக்கு நாம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? வரலாற்றுப் பிரிவும் சட்டப் பிரிவும் ஆளுக்கு அரை சிப் போடும் என்று நம்புகிறேன்.

யார் உட்காருவது என்பதில்தான் சிக்கல். முன்பு வேறொரு மாநாட்டில் என் குழுவில் நாலு பேராசிரியர்கள். ஒருவர் சொன்னதற்கு மற்ற மூவரும் தலையாட்டினோம். கேட்க வந்தது எட்டுப் பேர், அதில் ஒருவர் போனுக்குச் சார்ஜ் போட வந்தவர். தப்பு என்னுடையதுதான், ஆள் சேர்த்தது நான். இந்தத் தடவை சிற்றூர் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், மாணவ ஆசிரியை ஒருத்தி. நாலாவது நாற்காலிக்கு ஓய்வு பெற்ற போலீஸ்காரர் வேண்டும் என்கிறேன். வம்பு எதற்கு என்கிறார் கூட வேலை பார்ப்பவர். வம்பு இல்லாமல் ஒன்றரை மணி நேரம் எதைப் பேசுவது?

இங்கேதான் நீ வருகிறாய். தாலுகா நிருபராக எத்தனை வருஷம் ஸ்டேஷன் படி ஏறினாய்! செய்தி கொடுப்பதும் அதே இன்ஸ்பெக்டர், மிரட்டுவதும் அவரே. ஒரு நாள் ஆள் வருகிறான் என்று தெரிந்து நோட்டை அரிசி டின்னுக்குள் புதைத்தாயே, அதை முழுசாக எழுதி அனுப்பு. பேர், ஊர் எதுவும் வெளியே வராது. அந்தப் போலீஸ்காரரிடம் என்ன கேட்பது என்று எனக்குப் பிடிபட வேண்டும், அவ்வளவுதான். நோட்டில் என்ன இருந்தது என்று நீ கடைசிவரை சொல்லவே இல்லை, அதையும் சேர்த்து எழுது. அக்டோபர் பிறப்பதற்குள் வந்தால் போதும்.

உன்,
பழைய அறைத்தோழன்