தொலைக்காட்சித் தொடர் நேயர் மன்றச் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு மாலை, திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கமுள்ள மாடியில் நடந்தன. ஆயுத பூஜை, பொங்கல் கோலப்போட்டி, மகளிர் தினம் ஆகியவை நல்லபடியாக நடந்தேறின. நவம்பர் 9 அன்று மறைந்த நடிகர் டெல்லி கணேஷ் அவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம். ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததால் டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை.

இனி விமர்சன நோட்டு. இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று செயற்குழுவில் கேள்வி வந்ததால் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆளுக்கு ஒரு தொடர். அன்றன்றைய எபிசோடைப் பார்த்து, தேதி போட்டு, கதை எவ்வளவு நகர்ந்தது, பாத்திரம் தன் குணத்துக்கு ஏற்றபடி நடந்ததா என்று நாலு வரி எழுத வேண்டும். நமக்குப் பிடித்த தொடரின் தலையெழுத்தை வியாழக்கிழமை தோறும் வரும் டிஆர்பி என்ற பார்வையாளர் கணக்குதான் தீர்மானிக்கிறது. அதைக் கணக்கெடுக்கும் கருவி, தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும்தான் இருக்கிறது. நம் மன்றத்தில் ஒருவர் வீட்டிலும் கிடையாது. நாம் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து பார்த்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டோம். எழுதி அனுப்பினால்தான் நம் கருத்துக்கு ஒரு தடயம் இருக்கும். சென்னைத் தொலைக்காட்சியில் ‘எதிரொலி’ நிகழ்ச்சி வந்த காலத்தில் நேயர் கடிதத்தை வாசித்துப் பதிலும் சொன்னார்கள். இன்றைக்கு அப்படி ஒரு இடம் இல்லை என்பதற்காக நாம் எழுதுவதை விட்டுவிட முடியுமா?

குண்டு உப்பலவாடி அக்கா ‘சிறகடிக்க ஆசை’ தொடரைப் பொறுப்பெடுத்தார். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது ரேஷன் கார்டோடு சேர்த்து இந்த நோட்டையும் பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். ஓரம் ஊறி மை கலங்கியிருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்கூடப் போகவில்லை. அந்த நோட்டைப் புரட்டினால் ரோகிணி பாத்திரத்தின் கோளாறு பளிச்சென்று தெரிகிறது. கிரிஷ் தன் மகன் என்பதை அவள் கணவன் வீட்டாரிடம் மறைக்கிறாள். அது வெளிவரப் போகிற நேரம் பார்த்து ஒரு போன் வரும், அல்லது வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். “இன்றைக்கும் தப்பித்தாள். முத்துவுக்கு இவ்வளவு சந்தேகம் வந்த பிறகும் மேலே விசாரிக்காதது அவன் குணமில்லை” என்று அக்கா எழுதியிருக்கிறார். கார் ஓட்டிப் பத்து பேரிடம் பழகுகிறவன் அவள் கொழுந்தன் முத்து. அவனை ஏமாற்ற ரோகிணியின் சாமர்த்தியம் போதாமல், கதாசிரியரே வந்து உதவ வேண்டியிருக்கிறது. பூ விற்றுப் பிழைக்கும் முத்துவின் மனைவி மீனாவின் சுயமரியாதையைப் பல பக்கங்களில் பாராட்டியிருக்கிறார். அதையும் சொல்ல வேண்டும்.

‘எதிர்நீச்சல்’ நோட்டை நானே எழுதினேன். 2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து அவர்கள் மறைந்த பிறகு, அவர் நடித்து வந்த, வீட்டையே அதட்டி ஆளும் அண்ணன் ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாரிமுத்து “இந்தாம்மா ஏய்” என்று கூப்பிட்டால் சிரிப்பும் வரும், அடிவயிறும் கலங்கும். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் குணசேகரன். பிறகு எழுதியவர்கள் அதட்டலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2024 ஜூனில் முடிந்த தொடர் டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்பியதும், அந்த வீட்டு மருமகள் ஜனனியாக வேறு நடிகை வந்தது பற்றியே கூட்டத்தில் பேசினோம். இவருக்குப் பதில் இவர் என்று போடுவதை நாம் எத்தனையோ தொடரில் பார்த்துவிட்டோம், அது பழகிவிடும். எனக்குப் பொறுக்காதது வேறு. ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா என்று மற்ற மருமகள்கள் எல்லாரும் சொந்தக் காலில் நிற்கப் பட்ட பாட்டை நாம் கூடவே இருந்து பார்த்தோம். அவர்களை மறுபடி அதே வீட்டில், அதே அதட்டலுக்கு நடுவில் நிறுத்தினால் முதல் பாகம் பார்த்தவர்களுக்கு என்ன மரியாதை? இந்தத் தொடரை இயக்கும் திருச்செல்வம்தான் ‘கோலங்கள்’ தொடரையும் இயக்கினார். 2003 முதல் 2009 வரை ஓடிய அந்தக் கதையில் நாயகி அபியின் உறுதியை மறக்காத நேயர்கள் நாம். அந்த உரிமையில் கேட்கிறோம்.

இவற்றைத் தொகுத்துச் சேனல்களுக்குக் கடிதமாக அனுப்பினோம். பதில் வரவில்லை. அடுத்த கடிதமும் தயாராகிறது.

இதே நேரத்தில் சில உறுப்பினர்கள் நோட்டை வாங்கிக்கொண்டு போய் வெற்றாகத் திருப்பித் தந்தார்கள். சிலர் திருப்பித் தரவும் இல்லை. புரோமோவைப் போனில் பார்த்துவிட்டு வந்து முழு எபிசோடுக்கும் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஓட்டி ஓட்டிப் பார்த்தவரும் உட்கார்ந்து பார்த்தவரும் ஒன்றாக முடியாது. மீனாவுக்கு மாமியார் செய்தது அநியாயம் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் வாதாடுகிறவர், கூட்டத்துக்கு மட்டும் வேலை இருக்கிறது என்கிறார். சந்தா மாதம் 20 ரூபாய். போன ஆண்டுப் பாக்கியையே இன்னும் பலர் கட்டவில்லை. பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை, உரியவர்களுக்குத் தெரியும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு எதிர்பார்த்த அளவு இல்லை, செலவு கட்டுக்குள் இருந்தது, கையிருப்பு சொற்பம். நாற்காலி வாடகையில் கொஞ்சம் நிற்கிறது. நோட்டுக்கும் தபால்தலைக்கும் ஆன தொகை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அதையும் தாண்டியதை நான் மன்றத்திடம் கேட்கவில்லை.

மாடியைத் தந்த உரிமையாளருக்கும், மைக் செட் தந்த முதுநகர் அண்ணனுக்கும், கோலப்போட்டிக்குப் பரிசு தந்தவர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் தொடரும்படி தலைவர் கேட்டிருக்கிறார். மனம் விட்டுச் சொல்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் நோட்டுகளை முறைப்படி ஒப்படைக்கத் தயார். நானே தொடர வேண்டுமானால் எழுதுவதற்கு ஆள் வேண்டும். ‘பாக்கியலட்சுமி’யைப் பார்த்து வந்தவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், கணவன் கோபியை விட்டுப் பிரிந்து சமையல் தொழிலில் நிமிர்ந்த பாக்கியாவை அதன் பிறகு கவனிக்க ஒருவரும் இல்லாமல் போனது. பகல் நேரத் தொடர்களுக்கும் ஆள் தேவை. புது நோட்டுகள் மேசை மேல் இருக்கின்றன. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு மாடிப்படி அருகில் இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்,
கடலூர்.